வேலை முடிந்தால் தலைமுழுக்கு

கனடாவுக்கு வந்த புதிதில் என்னை மிரட்டியது பனியல்ல, குளியல். ஊரிலிருந்து படிப்பவர்களே, சிரிக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பேட்டரி தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் ஷவரில் தலையோடு குளிக்காமல் யாரும் வெளியே போகக்கூடாது. வேலை உடுப்பையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்; கம்பெனியே துவைக்கும். இது தெரியாமல் முதல் நாள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேற்பார்வையாளர் லிண்டா குறுக்கே கையை நீட்டி மறித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் கம்பெனி கேட்டில் மறித்தால் எதையோ திருடிவிட்டோம் என்று அர்த்தம். கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் காட்டி, தெரிந்த இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன். அவள் பதறிப்போய் என் கையில் ஒரு சோப்பைத் திணித்தாள். திருடி என்றது போதாமல் நாறுகிறேன் என்றும் சொல்கிறாளா! எங்கள் காஞ்சிபுரத்தில் சாவு வீட்டுக்குப் போய் வந்தால்தான் கண்ட நேரத்தில் தலைமுழுகுவோம். இங்கே யார் செத்தார்கள்?

பிறகு உட்காரவைத்து விளக்கினார்கள். பேட்டரிக்குள் வைக்கும் ஈயத்தின் தூள் கண்ணுக்குத் தெரியாதாம். முடியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருமாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்குமாம். கேட்கக் கேட்க எனக்குத் தம்பி முருகன் ஞாபகம் வந்துவிட்டது.

முருகன் தறியை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தான். சாம்பல் படிந்த சட்டையோடு நேரே வீட்டுக்குள் வருவான். மனைவி சுமதி நெய்துகொண்டிருக்க, தறிக்குப் பக்கத்திலேயே காலை நீட்டிப் படுப்பான். வேலை முடிந்ததும் முதலாளி ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார். வெல்லம் தின்றால் உள்ளே போன தூசெல்லாம் இறங்கிவிடும் என்று அங்கே அத்தனை பேருக்கும் நம்பிக்கை. எவ்வளவு நல்ல முதலாளி என்று நானும் மெச்சியிருக்கிறேன்.

அந்த வாரம் போன் செய்தபோது, அவன் மகள் கயலுக்கு ஓயாத வயிற்றுவலி என்றான். பூச்சி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை, பிள்ளை வெளுத்துப்போய்க் கிடக்கிறாள்.

"சோத்தக் கண்டாலே ஓடுதுக்கா. வெல்லம் மட்டும்தான் துன்னுது. நான் உள்ள வந்தா போதும், ஓடியாந்து பாக்கெட்டுல கைய வுட்டுக்கினு நிக்கும். எனக்குக் குடுக்கறத அதுக்குன்னுதான் எடுத்துக்கினு வரேன்."

அந்தச் சட்டைப் பையிலிருந்தா!

"டேய், இனிமே அந்தச் சட்டையோட வூட்டுக்குள்ள காலு வைக்காத. தலை முழுவிட்டுதான் கொழந்தையத் தொடணும்."

"இன்னாக்கா நீ? நான் இன்னா சாவு வூட்டுக்கா போய்ட்டு வரேன்?"

"ஆமாண்டா, சாவு வூடுன்னே நெனச்சிக்கோ. அங்க போய்ட்டு வந்து கொழந்தையத் தூக்குவியா? அங்கேர்ந்து ஒரு வாய் எடுத்தாந்து அதுக்கு ஊட்டுவியா?"

லிண்டா மாதிரி விளக்கியிருந்தால் என்னோடு வாதாடியிருப்பான். சாவு வீடு என்றதும், பிள்ளையை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று கேட்டான்.

சென்னைக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தார்கள். அப்பா, மகள் இருவர் ரத்தத்திலும் ஈயம். மேற்கொண்டு உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார் டாக்டர். அன்றே சுமதி தறியையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, பின்கட்டில் தண்ணீரும் சோப்பும் வைத்தாள். கொட்டகை ஆட்கள் முதலில் முருகனைக் கேலி செய்தார்களாம். ஆனால் அவர்கள் வீடுகளிலும் வயிற்றுவலிப் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோருமாகப் போய்க் கேட்க, முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒரு தொட்டியும் குழாயும் போட்டுக் கொடுத்தார். முருகன் வேறு வேலையும் தேடுகிறான். கயல் இப்போது இரண்டாம் தரம் சோறு கேட்கிறாளாம். அதைக் கேட்டுவிட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

எனக்கு இரவு ஷிப்ட் முடியும்போது அங்கே சாயங்காலம். நேற்றும் குளித்து, ஈரத்தலைக்கு மேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து போன் செய்தேன். கயல்தான் எடுத்தாள்.

"அத்த, அப்பா குளிச்சிட்டாரு. என்னத் தூக்கிக்கினு இருக்காரு. நீ குளிச்சிட்டியா?"

"குளிச்சிட்டேன்டி தங்கம்."

"அப்ப வா. நீயும் தூக்கு."

பஸ் வந்து கதவைத் திறந்தது. ஒரு கையில் போன், மறு கையில் பஸ்ஸின் கம்பி. ஏறத்தான் வேண்டியிருந்தது.