கீழக்குயில்குடி பஸ்ஸில் ஒரு தூக்கம்

தூக்கம் வரவில்லை என்று மதுரையில் யாரிடமாவது வாய் திறந்து சொல்லிப் பாருங்கள். பேச்சு முடிவதற்குள் நாலு வைத்தியம் மடியில் வந்து விழும். காஜிமார் தெரு அமீருன்னிசாவுக்கு வந்து விழுந்தவற்றைக் கோணிப்பையில்தான் அள்ள வேண்டும். பாலில் ஜாதிக்காய் உரசிக் குடி, கசகசா அரைத்துக் குடி, இடப்பக்கம் சாய்ந்து படு, வலப்பக்கம் சாய்ந்து படு, செல்போனைத் தலைமாட்டில் வைக்காதே, பகலில் மறந்தும் கண்ணை மூடாதே. பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரும் வந்தது. மாடி வீட்டு ரெங்கம்மாள் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து, மூச்சை இழுத்துப் பிடித்து விடச் சொன்னார். அமீருன்னிசா யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத பிறவி. சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து முடித்துவிட்டு, சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவருடைய கணவர் ஜமீல் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தவர். அந்த ஆறு வருஷமும் அமீருன்னிசா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டேதான் படுத்தார். ஜமீல் செருமினால் தண்ணீர். விரலால் கட்டிலைத் தட்டினால் புரட்டிப் போட வேண்டும். போன ரம்ஜானுக்கு முன்னால் அவர் மவுத்தானார். கணவனை இழந்தவர்கள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவை அமீருன்னிசா வீட்டுக்குள்ளேயே இருந்து முடித்தார். இனிமேலாவது நிம்மதியாகத் தூங்குவாய் என்று ஊரே சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்த் தூங்கிவிட்டது.

தூக்கமில்லாத பகல்கள் எல்லாம் ஈரத்துணிக்குப் பின்னால் இருந்து பார்ப்பதுபோல் மங்கலாக இருந்தன. ஒருநாள் அடுப்பைப் பற்றவைக்க மறந்து கேஸைத் திறந்துவிட்டுவிட்டார். நல்லவேளை, ரெங்கம்மாளுக்கு வாடை எட்டியது. விஷயம் திருப்பரங்குன்றத்தில் இருந்த மகள் முபீனாவின் காதுக்குப் போனது.

"நீ தனியா இருந்தது போதும்மா. வார ஞாயித்துக்கெழம வாரேன். டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையப் போடு, வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரு" என்றாள்.

மகள் மேல் ஆசைதான். ஆனாலும் ஜமீலோடு வாழ்ந்த வீட்டைப் பூட்ட அமீருன்னிசாவுக்கு மனம் வரவில்லை. முபீனாவுக்கு அதுவரை தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் அம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தார், பஸ்ஸில்.

அது ஆரம்பித்த கதை இப்படி. இத்தா முடிந்ததும் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க நாகமலைப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினார். பெரியார் நிலையத்தில் கீழக்குயில்குடி டவுன் பஸ் நின்றது. பெண்களுக்குக் காசில்லாத பஸ். ஏறி உட்கார்ந்தார். காளவாசல் தாண்டியது நினைவிருக்கிறது. அப்புறம் பஸ் தண்ணீரில் போனது. நாகமலை கூடவே மெதுவாக நடந்து வந்தது. சன்னலுக்கு வெளியே வெள்ளைச் சட்டை போட்ட ஜமீல் பஸ்ஸுக்குச் சமமாகக் கைவீசி நடந்து வந்தார், மூச்சுக்கூட வாங்கவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று கேட்பதற்குள் யாரோ எழுப்பிவிட்டார்கள்.

"அம்மா, கீழக்குயில்குடி வந்துருச்சு. நீங்க எங்க எறங்கணும்?" என்று கண்டக்டர் நல்லகாமன் நின்றார்.

"நாகமலைப் புதுக்கோட்டை தம்பி."

"அது அப்பவே போயிருச்சேம்மா! அம்புட்டுத் தூக்கம்."

இறங்கிப் பார்த்தால் எதிரே சமணர் மலை வெயிலில் மஞ்சளாகக் கிடந்தது. அடிவாரக் குளத்தில் தாமரை இலைகள் காற்றுக்குப் புரண்டு புரண்டு படுத்தன. விழித்துவிட்டோமா, இன்னும் இல்லையா என்று அமீருன்னிசாவுக்குச் சந்தேகமாக இருந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. அழ வேண்டும்போல் அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்தால் பஸ்தான். பகலில் தூங்காதே என்ற ஊரின் கட்டளை காளவாசலோடு இறங்கிப் போய்விடும். ஆனால் அமீருன்னிசா சும்மா தூங்குகிற ஆள் இல்லை. எதனால் இந்தத் தூக்கம் என்று யோசித்தார். காற்றோ என்று வீட்டுச் சன்னலோரம் படுத்தார், வரவில்லை. குலுங்கலோ என்று ஷேர் ஆட்டோவில் போனார், முதுகு வலிதான் மிச்சம். அப்புறம் ஒன்று கவனித்தார். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனால், எவ்வளவு ஆழ்ந்த தூக்கமானாலும் கண் பட்டென்று திறந்துகொண்டது. எஞ்சின் சத்தம் நிற்பதாலோ?

இல்லை என்று ஓர் ஆட்டு மந்தை சொல்லிக் கொடுத்தது. ஒருநாள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடுகள் போக, டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் கைவைத்துக் காத்திருந்தாராம். "மந்தை பூராம் கத்திக்கிட்டுப் போகுது, ஆரன் அடிக்கிறோம், நீங்க அசையவே இல்லையேம்மா" என்று நல்லகாமன் பிறகு சொல்லிச் சிரித்தார். அமீருன்னிசா சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துபோயிற்று. இந்த வண்டியில் தான் கண்ணை மூடினாலும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் விழித்திருக்கிறார். வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முபீனா மாத்திரையோடு வந்து நின்றாள். அமீருன்னிசா எல்லாவற்றையும் சொன்னார்.

"ஊரே ஒண்ணு சொல்லுது, நீ பஸ்ஸு, டிரைவருன்னு கத சொல்ற. யாராச்சும் கேட்டாச் சிரிப்பாங்கம்மா" என்றாள் முபீனா.

"சிரிக்கட்டும். ஒரே ஒரு தடவ எங்கூட வா. அப்புறம் நீ சொல்றதக் கேக்குறேன்."

தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் என்னென்ன எடுத்துச் சொல்லி அம்மாவை வழிக்குக் கொண்டுவருவது என்று முபீனா மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தாள். முதல் வார்த்தையை எடுப்பதற்குள் அம்மாவின் தலை தோளில் சாய்ந்துவிட்டது. இவ்வளவு கனமா இந்தத் தலை! வாய் லேசாகத் திறந்து, குழந்தைபோல் மூச்சு விட்டுத் தூங்கினார். முபீனா தன் அம்மா தூங்கிப் பார்த்ததே இல்லை. படுக்கையில் கிடந்த அத்தாவைப் பார்க்க வந்தபோதெல்லாம் அம்மா நின்றுகொண்டுதான் இருந்தார்.

கீழக்குயில்குடியில் எல்லாரும் இறங்கினார்கள். எழுப்ப வந்த நல்லகாமன் முபீனாவைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டார். டிரைவரும் கதவை மெல்லச் சாத்திவிட்டு டீக்கடைக்குப் போனார்.

அமீருன்னிசாவின் இமைகள் துடித்தன. கை எதையோ பிடிக்கத் துழாவியது.

"என்னங்க... தண்ணியா?"

முபீனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா. நான் முழிச்சுத்தான் இருக்கேன். நீ தூங்கு."

ஆறு வருஷத்தில் எத்தனையோ யோசனை சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் சொன்னதே இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் கை மெல்லத் தளர்ந்தது. ஸ்டீயரிங்கில் ஆள் இல்லாத பஸ்ஸில் அமீருன்னிசா தூங்கிக்கொண்டே இருந்தார். முபீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோள் குலுங்கிவிடக் கூடாது என்று அடக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.