சாராள் அக்காவின் கலயமும் சத்தியமங்கலத்து வண்டியும்

என் அக்கா சாராள் இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டாள் என்று சித்திரையிலேயே சொன்னவன் நான். என் மனைவி சாட்சி. அக்கா இருந்த அன்னூரிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் கோயம்புத்தூரில் எங்கள் மில் வாசலில் இறங்கி வாயைத் திறக்கும் முன்பே, "சாராள்தானே?" என்று கேட்டுவிட்டேன். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று அவர் திகைத்துப்போனார். மில்லே திரண்டு வந்து என்னைப் பார்த்தது. நாலாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் நான் சொல்லி நடக்காதது இல்லை. சொல்லி என்ன, யார் கேட்டார்கள்? அவளும் கேட்கவில்லை, ஆண்டவரும் கேட்கவில்லை.

சபையாருக்கு அவளைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளோடு கணவனை இழந்தவள். தோட்டங்களில் களையெடுத்துப் பிழைத்தாள். நம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொட்டுவார்கள். அதற்குப் பெயர் பிடியரிசி. அரிசியை யார் கண்டது? கம்பும் சோளமும்தான். அக்கா அதற்கென்று ஒரு மண்கலயம் வைத்திருந்தாள். அடுப்படியில் அவளுடைய பானை ஒரு பக்கம், ஆண்டவருடைய கலயம் ஒரு பக்கம்.

மழை பொய்த்த வருஷம் தோட்டத்துக் கிணறுகள் வற்றிக் கூலி வேலை நின்றது. எங்கள் மில்லும் பாதி நாள் பூட்டிக்கிடந்தது. என் கையில் காசு இல்லை, யோசனை மட்டும் நிறைய இருந்தது. போனேன். அக்கா வீட்டுப் பானையை எட்டிப் பார்த்தேன், காலி. கலயத்தில் பாதிக்குக் கம்பு கிடந்தது.

"இதைப் போட்டுக் காய்ச்சு" என்றேன்.

"அது நம்முளுது இல்ல தம்பி."

"அவரு வந்து கணக்கா கேக்கப் போறாரு?"

"கேக்க மாட்டாரு. அதனாலதான் கைய வெக்கறதுக்குப் பயமா இருக்குது."

கோயம்புத்தூரில் பெரிய வக்கீல்களையே மடக்கிய நான் அவளுடைய காலிப் பானையை மறுபடியும் எட்டிப் பார்த்தேன். கடைக்குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. "செத்த பொறு கண்ணு" என்று அதன் தலையைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பசியில என்ற கை அந்தக் கலயத்துக்குள்ள போகாம நிக்குதே, அது என்ற பலமா? அவரு கிருபை தம்பி. அதுவே தாங்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கிருபையக் கரச்சுக் குடிக்க முடியுமா?" என்று கேட்டேன். "நீ வேணும்னா குடிச்சுப் பாரேன், வாய் கொஞ்சம் ஓயும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கலயத்தைக் கோயிலில் கொட்டிவிட்டு வந்தாள். மறுநாள் விடியும்போது சலங்கை கட்டிய மாடுகள் பூட்டி ஒரு வண்டி வந்ததும், சத்தியமங்கலத்துப் பக்கத்து ஆள் ஒருவர் "சாராளம்மா ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டு ஒரு மூட்டைக் கம்பை இறக்கியதும், பெயரைக் கேட்பதற்குள் வண்டி மறைந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அடக்க ஆராதனையில் உபதேசியார் இதைத்தான் சொன்னார். எல்லோரும் அழுதீர்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த மாதம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று யாராவது கேட்டீர்களா? புளியங்கொட்டையை ஊறவைத்து, தோல் நீக்கி, இடித்துக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அவள் கீரைத் தண்ணீரைக் குடித்தாள். நம் சபையாரோ, "சாராளுக்கு என்னுங்க, ஆண்டவரு வண்டியிலயே அனுப்பறாரு" என்று சொல்லிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக நெஞ்சில் சளி கட்டிக் கிடந்தபோதும் அதே பேச்சுத்தான். நான் வந்து பார்த்தபோது, "மூணும் பொழச்சு நிக்குது தம்பி, இதுக்கு மேல என்ன கிருபை?" என்றாள். அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

அவளுடைய கலயத்தை நான் எடுத்து வந்துவிட்டேன். என் மனைவி அதில் பிடி போடுகிறாள். எங்கள் பானை காலியானால் நான் என்ன செய்வேனோ தெரியாது. என்னைப் பற்றி மட்டும் நான் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கலயத்தோடு அவள் சொன்ன ஒரு சொல்லும் என்னிடம் இருக்கிறது. மழை பொய்த்த அந்த வருஷம் மில்லில் கூட இருந்தவர்கள், "உங்க சாமி உங்கக்காளுக்குக் கஞ்சி ஊத்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கு முன்பே அன்னூர் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நானே அதைச் சலங்கையோடு சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னாள்: "ஏந் தம்பி, அந்த வண்டிக்காரர மறுக்காப் பாத்தீன்னா எங்கூட்டுக்கு வழி சொல்லியுடு."

வண்டி வரவில்லை. மாடு, சலங்கை, மூட்டை எல்லாம் மில்லில் அந்தப் பதிலுக்காக நான் போட்டது. வெறும் வாயால் நானே ஒரு வண்டி அனுப்பினேன். ஆண்டவர் அதை நிஜமாகவே அனுப்பியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?