புல் தெரியாத மாடுகள்

அக்கா வாங்கிவந்த மாடுகளுக்குப் புல் மேயத் தெரியாது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவள் போனில் சொன்னபோது நானும் சிரித்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

"என்னக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். நிஜமாத்தான்டி சொல்றேன். முழங்கால் உயரத்துக்குப் புல்லு. அதுக்கு முன்னால நின்னுகிட்டுப் பசிக்குதுன்னு கத்துதுங்க."

அவள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அவளை நினைத்தால் அவள் முகத்துக்கு முன்பே இந்தக் குரல்தான் வருகிறது.

அக்கா வாழ்நாளில் பெரும்பகுதி வண்டிகளுக்கு சீட் கவர் தைத்தாள். நகரத்தில், பஸ் டிப்போவுக்குப் பின்புறம், ஷட்டர் போட்ட ஒரு கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம். ரெக்சின் வெட்டி வெட்டி வலது கட்டைவிரலின் ஓரம் காய்த்துப்போயிருந்தது. எந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலும் முதலில் தையலைத்தான் தடவிப் பார்ப்பாள். "எவனோ வீட்டுக்குப் போற அவசரத்துல தைச்சிருக்கான்" என்பாள்.

அப்பாவுக்கு மாட்டுப் பண்ணை. பால் வியாபாரம் இல்லை, கன்று வளர்த்து விற்பது. வேலி போட்ட மேய்ச்சல் நிலம், அதன் ஓரத்தில் வீடு, ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவர் படுக்கையில் விழுந்ததும் மாடுகளை விற்றோம். அவர் போன பிறகு நிலம் சும்மா கிடந்தது. வேலிக் கம்பி துருப்பிடித்துத் தொங்கியது. தொட்டி குறுக்கே விரிசல் விட்டது. வீட்டுக்குள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எட்டு நாற்காலிகள் தூசி படிந்து நின்றன.

அந்த மேசையில் வைத்துத்தான் அண்ணன் பேச்சை எடுத்தார். சோலார் கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், பாடுபடாமல் மாசாமாசம் பணம் வரும் என்றார். அண்ணன் கெட்டவர் இல்லை. எதையும் பராமரிப்பில்லாமல் விட்டுவைப்பது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா நாற்காலியின் கிழிந்த மெத்தையை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் இங்க வந்து இருக்கேன்ணா. மாடு வளர்க்கறேன்."

"நீயா? உனக்கு மாட்டுல என்ன தெரியும்? தோல்தானே தெரியும்."

"அதுவும் தெரியாது. நான் தைச்சதெல்லாம் ரெக்சின்."

அண்ணன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "காசுக்கு?"

"கடையைக் கொடுத்துடறேன்."

"அது வேலிக்கே பத்தாதும்மா."

"வேலி என் பாடு. நீ கையெழுத்து மட்டும் போடாம இரு."

அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. அடுத்த மழைக்காலம் முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நிலத்துல மாடு நிக்கணும். சும்மா நின்னா பத்தாது, சினையா நிக்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் உக்காந்து அழக்கூடாது."

"நான் எப்பண்ணா அழுதேன்?"

எங்கள் இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை.

கடையைக் கொடுத்தாள், தையல் மெஷினை மட்டும் கொடுக்கவில்லை. அதை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கு வந்தாள். புதுக் கம்பி வாங்க வழியில்லை. அதனால் பின்பக்க வேலியைக் கழற்றி, அதிலிருந்த நல்ல கம்பியை முன்பக்கத்துக்கு இழுத்துக் கட்டினாள். நிலம் பாதியானது. "பெரிய துணியா இருந்தா சட்டை, சின்னதா இருந்தா பனியன்" என்றாள். தொட்டிக்கு சிமெண்ட் பூசக் கொத்தனார் கேட்ட கூலியைக் கேட்டுவிட்டு, பழைய லாரித் தார்ப்பாய்களை வாங்கி இரண்டு மடிப்பாகத் தைத்தாள். தையல் மேல் பஞ்சர் ஒட்டும் பசையைத் தடவி, தொட்டிக்குள் உறை மாதிரி இறக்கினாள். தண்ணீர் நின்றது. தொட்டியின் அடியில் ஏதோ லாரி கம்பெனியின் பெயர் தலைகீழாகத் தெரியும்.

மிச்சப் பணத்துக்குத்தான் மாடு. ஊருக்கு வெளியே ஒரு பெரிய பால் பண்ணையில், பால் குறைந்த மாடுகளைக் கழித்துக் கட்டுகிறார்கள் என்று தரகர் வந்து சொன்னார். எப்போதும் கக்கத்தில் குடை வைத்திருப்பவர். மழையிலும் அதை விரித்து நான் பார்த்ததில்லை. பால் குறைவு, ஆனால் கன்று போடும், விலையும் பாதி. அக்கா ஒவ்வொரு மாட்டையும் தையல் பார்ப்பதுபோல் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், மடியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அந்த மாடுகள் பிறந்ததிலிருந்து கொட்டகையை விட்டு வெளியே வந்ததில்லை. மோட்டார் ஓடும், தொட்டியில் தீவனம் விழும், தின்னும். காலுக்குக் கீழே முளைத்திருப்பது சாப்பாடு என்று அவற்றுக்கு யாரும் சொன்னதில்லை.

லாரியிலிருந்து இறங்கிய மாடுகள் பச்சைக்குள் போகவே இல்லை. கேட்டை ஒட்டி வரிசையாக நின்றன. விரட்டினால் கலையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரிசை. அதுவும் அதே வரிசை. பால் பண்ணையில் எது எதற்குப் பக்கத்தில் நின்றதோ அப்படியே.

தரகர் வந்து பார்த்தார். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஹாஸ்டல் புள்ளைங்கம்மா இதுங்க. மணி அடிச்சாத் தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கும்."

"இதை வாங்கறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா? மாடு புல்லு தின்னுமான்னு எவனாவது கேப்பானா? மீன் வாங்கும்போது நீந்துமான்னா கேக்கறோம்?"

"இப்ப என்ன பண்றது?"

"மேயற மாடு ஒண்ணு வாங்கி உள்ள விடுங்க. பாத்துக் கத்துக்கும்."

"வாங்கறதுக்கு என் பல்லைத்தான் கழட்டிக் கொடுக்கணும்."

"அப்ப திருப்பி எடுத்துக்கறேன். ஆனா இந்த ஒட்டின வயித்தோட போனா கறிக்கடைக்குத்தான் போகும். பாத்துக்குங்க."

அக்கா திருப்பித் தரவில்லை. தவிடும் தீவனமும் வாங்கிப் போட்டால் கையிருப்பு கொஞ்ச நாளில் கரைந்துவிடும். போடாவிட்டால் மாடு மெலிந்துவிடும். மெலிந்த மாடு சினை பிடிக்காது. மழைக்கு இன்னும் நாளிருந்தது, ஆனால் ரொம்ப நாள் இல்லை. அண்ணன் காதுக்கும் செய்தி போய்விட்டது. போனில் அவளிடம், "போதும்மா, விட்டுடு. இதுல ஒண்ணும் அவமானம் இல்ல" என்றாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அந்த வாரம் நான் போனேன். கேட்டருகே மாடுகள் இல்லை. நிலத்துக்குள் கொஞ்ச தூரத்தில், நீளவாக்கில் அறுத்த பிளாஸ்டிக் பீப்பாய்கள் வரிசையாகக் கிடந்தன. மாடுகள் அவற்றுக்குள் தலையை விட்டு நின்றன. அக்கா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னக்கா இது?"

"ஹாஸ்டல்ல மெஸ் நடத்தறேன்."

அரிவாளால் புல்லை அறுத்து, பீப்பாயில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பீப்பாய்க்குள் இருந்தால் அது சாப்பாடு, தின்றன. மறுநாள் பீப்பாய்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தாள். மாடுகள் பின்னால் வந்தன. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். தூரம் கூடக் கூடப் புல்லைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பீப்பாய்க்கு வெளியே அறுக்காமல் நிற்கும் புல்லும் இந்தப் புல்லும் ஒன்று என்று என்றைக்காவது தெரியவேண்டும். குனிந்து அறுத்து அவளால் நிமிர முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

நான் போன மறுநாள் காலை, பீப்பாய்களைக் காலியாகவே போட்டாள். மாடுகள் வந்து தலையை விட்டுப் பார்த்தன. கத்தத் தொடங்கின. வரிசையில் முதலில் நிற்கும் வெள்ளை மூஞ்சி மாட்டுக்கு அக்கா மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். யாரைப் பார்த்தாலும் ஏன் லேட் என்று கேட்பதுபோல் பார்க்கும். அது பீப்பாயிலிருந்து தலையை எடுத்து எங்களை முறைத்தது.

"பாக்காதடி. நாம பாத்தா நம்மகிட்டதான் கேக்கும்."

இருவரும் திரும்பி உட்கார்ந்துகொண்டோம். எதிரே வெறும் வேலி. பின்னால் கத்தல் நீண்டது. எனக்கே எழுந்து ஏதாவது கொடுத்துவிடலாம்போல் இருந்தது. வெயில் முதுகில் ஏறியது. பிறகு கத்தலுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. துணி கிழிவதுபோல, சின்னதாக. கொஞ்சம் பொறுத்து மறுபடி. அக்கா திரும்பவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காய்த்த கட்டைவிரல் அழுந்தியது.

"மேனேஜரா?" என்று வேலியைப் பார்த்தபடியே கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். "மேனேஜர்தான்."

மழைக்காலத்தின் கடைசியில் அண்ணன் மாட்டு டாக்டரைத் தானே காரில் அழைத்துக்கொண்டு வந்தார். சொன்னால் சொன்னபடி பார்க்கிறவர். டாக்டர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு, சினை ஊசி போட்டிருந்த மாடுகளை ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பார்த்தார். "சினை" என்றார். அடுத்தது, "சினை." அடுத்தது இல்லை. அதற்கடுத்தது சினை. மேனேஜரும் சினை. பாதிக்கு மேல் தேறின. அண்ணன் தொட்டியருகே நின்று, அடியில் தலைகீழாகத் தெரிந்த லாரிப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்காக அக்கா ஒரு வேலை செய்திருந்தாள். மிச்சமிருந்த ரெக்சினில் எட்டு நாற்காலிக்கும் கவர் தைத்திருந்தாள். கருஞ்சிவப்பு, ஓரத்தில் இரட்டைத் தையல். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், நான் என்று கணக்கு வைத்திருந்தாள். விடுமுறைக்கெல்லாம் இனிமேல் இங்கேதான் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். டாக்டருக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் வாசலிலேயே நின்று டீயைக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஜெயிச்சுட்ட. நீயே வெச்சுக்கோ" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவள் வைத்துக்கொண்டாள். பண்ணை ஓடியது. கன்றுகள் பிறந்தன, விற்றன. பின்பக்க வேலி மறுபடி எழுந்தது. யாரும் கவலைப்பட வேண்டிய இடமாக அது இல்லாமல் போனதால் யாரும் வருவதும் குறைந்தது. நான் போகும்போது ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்காருவாள், எதிரில் நான். என் நாற்காலியின் ரெக்சின் ஒவ்வொரு முறையும் புதிதாக முறுமுறுக்கும். பேச்சு பெரும்பாலும் மாடுகளைப் பற்றித்தான். ஒருமுறை மட்டும், "கடையில இருந்தா பஸ் சத்தமாவது கேக்கும்" என்றாள். உடனே எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேய்ச்சல் கற்றுக்கொண்ட மாடுகள் ஒன்றை மட்டும் விடவில்லை. காலையில் அக்கா கொட்டகையைத் திறந்ததும் கேட்டருகே வந்து அதே வரிசையில் நிற்கும். அந்தப் பால் பண்ணையையே பார்த்திராத கன்றுகளும் தாய்க்குப் பின்னால் அதே வரிசையில் நிற்கும். அக்கா கேட்டைத் திறந்துவிட்டு, "என்ன பாக்கறீங்க? போங்க" என்பாள். அப்புறம்தான் போகும்.

கன்று பார்க்க வந்த தரகர்தான் முதலில் பார்த்தார். வெயில் ஏறிய பிறகும் கேட் மூடியிருந்தது. கொட்டகைக்குள் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ராத்திரி தூக்கத்துலயே போயிருக்காங்கம்மா" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த மேசையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். நாற்காலிகள் முறுமுறுத்தன. அண்ணன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். அது சத்தம் போடவில்லை. மெத்தை குழைந்து இறங்கியது. அவர் சட்டென்று எழுந்து வேறு நாற்காலிக்கு மாறினார். கொஞ்ச நேரம் கழித்து, "கம்பெனிக்காரன் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார்.

மறுநாள் காலை நான் கொட்டகையைத் திறந்தேன். வந்து நின்றன. மேனேஜர் செத்து வெகுகாலமாகிறது. அதன் இடத்தைக் காலியாக விட்டு, அதன் மகள் இரண்டாவதாக நின்றது. கேட்டைத் திறந்தேன். ஒன்றும் அசையவில்லை. என்னைப் பார்த்தன.

"என்ன பாக்கறீங்க? போங்க" என்றேன். குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது. இரண்டாவதாக நின்றது மெல்லத் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. மற்றவை பின்னால் போயின.

அண்ணன் டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"அண்ணா, இதுல சினை இருக்கு. அக்காகிட்ட நீ சொன்ன கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு."

"யாரும்மா பாத்துப்பா?"

"இப்போதைக்கு நான். ஆனா நீயே வெச்சுக்கோன்னு மட்டும் சொல்லிடாத."

அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆறியிருக்கும்.

"எது எது சினை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.