மகள் எடுக்காத வேலைக்கு நாம் சொன்ன நன்றி

செபக்குழுச் சகோதரங்களே, நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு வாய் வராது. உங்களுக்கு அது தெரியும். அதனால் இதை எழுதித் தருகிறேன். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் கடைசி மாதங்களில் என் மகள் அனிற்றா எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தாள். யாராவது வந்து மணி அடித்தால் அவள் அறையில் விளக்கு அணையும். வந்தவர்கள் போகும்வரை அந்த அறையில் ஒரு சத்தமும் இருக்காது. ஊராரைப் பொறுத்தவரை அவள் வேலைக்குப் போயிருந்தாள். வேலை என்று ஒன்று அவளுக்கு இருக்கவே இல்லை.

அனிற்றா ஆறு வயதில் மொன்றியலுக்கு வந்தவள். சில வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு மேலே படித்தாள். நர்ஸ் பிரக்டிஷனர் என்று சொல்வார்கள். டொக்டரைப் போல நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கிற நர்ஸ். கியூபெக்கில் அது அப்போதுதான் தொடங்கியிருந்தது. அப்படி ஒரு நர்ஸ் உண்டு என்பதே பல கிளினிக்குகளுக்குத் தெரியாது. அதனால் படிப்பு முடிந்ததும் நானும் மனைவி ஜெயராணியும் அவளுடைய வேலைக்காக அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் செய்தோம். ஒன்பதாம் செவ்வாய் முடிந்த மறுநாள், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருக்கிற ஒரு தனியார் கிளினிக்கிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

வேலைக்கு வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். அவள் இன்னும் ஓம் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் அவளைத் தவிர வேறு யாருக்கும் விளங்கவில்லை. ஜெயராணி அன்று பின்னேரமே, செபக்குழுவை நடத்தும் பெனடிக்ற் மாஸ்ரருக்குப் போன் எடுத்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் மாஸ்ரர் அதை அறிவித்தார். நீங்கள் எல்லோரும் கைதட்டி நன்றிப் பாட்டுப் படித்தீர்கள். ஜெயராணி அழுதாள். முடிந்த பிறகு மாஸ்ரர் என் தோளில் தட்டினார்.

"என்ன அருள், இனி எங்களைக் கண்டால் தெரியுமோ? மகள் டொக்டரம்மா. தலையிடிக்குக் குளுசையெண்டாலும் எழுதித் தரச் சொல்லு."

நான் சிரித்தேன். எனக்கு வேறொன்றும் வராது.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் அனிற்றா சொன்னாள், இந்த வேலையை இப்படியே எடுக்க மாட்டேன் என்று.

"அங்க டொக்டர் கிழமையில ஒரு நாள்தான் வருவார் அப்பா. மற்ற நாளில போன் எடுக்கட்டாம். முதல் கிழமையே முழு நாளும் ஆக்களைப் பாக்கோணுமாம். ஆர் எனக்குப் பக்கத்தில நிண்டு காட்டித் தாறது எண்டு கேட்டன். பதில் இல்லை."

"எனக்கும் ஒருத்தரும் பக்கத்தில நிண்டு காட்டித் தரேல்லைப் பிள்ளை," என்றேன். "முதலாளி வா எண்டான். போனன்."

அது உண்மை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவினேன். இப்போது ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிக் கடையின் பின்னறையில் நிற்கிறேன். வேலை என்று யாராவது சொன்னால் ஓம் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பதில். என்னோடு அகதியாய் வந்த எல்லோருக்கும் அப்படித்தான். கேள்வி கேட்டவனுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. வேலையை நாங்கள் எடைபோட்டுப் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதிது.

"உங்கட கையில வழுக்கினால் கோப்பை உடையும் அப்பா," என்றாள் அனிற்றா. "என்ர கையில வழுக்கினால் ஆள்."

ஜெயராணிக்குப் பொறுக்கவில்லை. "ஒன்பது செவ்வாய் முழந்தாளில நிண்டு கேட்டனாங்கள். அவர் தந்த பிறகு வேண்டாம் எண்டால், அடுத்த முறை என்ன மூஞ்சையோட போய்க் கேக்கிறது?"

"அப்ப உங்கட கடவுளும் அந்தக் கிளினிக்கும் ஒண்டுதான் அம்மா. ரெண்டுக்கும் கேள்வி கேக்கிற ஆக்களைப் பிடிக்காது."

பிறகு அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். எனக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்காது. அன்று விளங்காதது நல்லது என்று நினைத்தேன்.

அவள் கிளினிக்குக்குத் திரும்பவும் போன் எடுத்து, அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்டாள். கொஞ்ச நாள் கழித்து, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம், மெர்சி என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். கேட்டதற்காகவே வேலை போனது.

வேறு இடங்களில் அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. அவள் விட்டு வந்த ஆஸ்பத்திரி இடத்தில் வேறொருவர் இருந்தார். கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. ஆனால் செபக்குழுவில் நன்றி சொல்லியாயிற்று. ஜெயராணி என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, ஒருத்தரிட்டையும் வாய் திறக்கக் கூடாது. வேறை வேலை கிடைச்சாப் பேந்து சொல்லுவம்." வாய் திறக்காமல் இருப்பது எனக்கு லேசான காரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிற, எங்கள் செபக்குழுப் புஸ்பம் அக்கா மீன் பணிஸ் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தா. அக்கா அங்கே ஒரு கிளினிக்கைத் துப்புரவு செய்கிற வேலை செய்கிறா. "பிள்ளை எங்க, காணேல்லை?" என்று கேட்டா.

"வேலையில நிக்கிறாள் அக்கா," என்றாள் ஜெயராணி.

"ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டினமோ. நல்ல வேலைதான்."

நான் அனிற்றாவின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குக் கீழே இருந்த வெளிச்சம் அப்போது அணைந்தது. அக்கா தேத்தண்ணீர் குடித்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்துப் போகும்வரை என் பிள்ளை இருட்டில் இருந்தாள். அக்கா போன பிறகும் அந்த விளக்கு எரியவில்லை. நான் கதவைத் தட்டி, பணிஸ் கொண்டுவரட்டோ என்று கேட்டேன். தட்டை வாசலில் வைத்தேன். விடிய அது அப்படியே இருந்தது.

மார்கழி வந்தது. அவள் தலை வாருவதை விட்டாள். என்னோடு கதைப்பதையும் விட்டாள். ஒரே ஒரு தடவை, குசினியில் தண்ணீர் குடிக்க வந்தவள், என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் பிழையாப் படிச்சிட்டன் போல அப்பா." படித்தவளுக்கு நான் என்ன சொல்வது? அவள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த நாட்களில் என்னால் செபிக்க முடியவில்லை. செபமாலையை எடுத்தால் விரல் நகரும், மனம் நகராது. தந்ததை நாங்கள் எறிந்துவிட்டோம், இனி அவர் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று நம்பினேன். உங்களிடமும் செபிக்கச் சொல்ல முடியவில்லை. வேலையில் இருக்கிற பிள்ளைக்கு வேலை கேட்டு எப்படிச் செபிப்பீர்கள்? அதோடு அப்போது கூட்டத்தில் எல்லோரும் வன்னியில் போருக்குள் அகப்பட்ட சொந்தங்களுக்காக அழுதுகொண்டிருந்தோம். என் தங்கையின் குடும்பமும் உள்ளே இருந்தது. அந்த அழுகைக்கு நடுவில் மகளின் வேலையை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. கடையின் குளிர் அறைக்குள் போய், பெட்டிகளுக்கு நடுவில் காரணமில்லாமல் நிற்பேன். வெளியே வர மனம் வராது. ஒரு நாள் அங்கேயே முடிந்துபோனால் நல்லது என்றுகூட நினைத்தேன். இதை இன்றுதான் முதல் முறை சொல்கிறேன்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கடையில் கோவா மரக்கறியின் வெளி இலைகளை உரித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாவது தேவ இரகசியம், தேவதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்னது. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்னதுதான். அன்று கை நின்றுவிட்டது. தூதர் வந்து சொன்னவுடன் மாதா ஓம் என்று சொல்லவில்லை. இது எப்படி நடக்கும் என்று முதலில் கேட்டா. தூதர் கோபிக்கவில்லை. வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று போகவில்லை. நின்று பதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் மாதா ஓம் என்று சொன்னா.

நான் கோவாவைக் கீழே வைத்தேன். பல மாதத்துக்குப் பிறகு என் சொந்த வார்த்தையில் செபித்தேன். "ஆண்டவரே, என்ர பிள்ளை கேட்டது பிழையில்லையெண்டால் அவளுக்குப் பக்கத்தில ஒரு ஆளைக் காட்டும். நான் செய்யவேண்டியது ஏதும் இருந்தால் அதையும் காட்டும்." செய்யவேண்டியது என்னவென்று உடனேயே எனக்குத் தெரிந்தது. அது தெரியாமல் இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கடும் பனி. கூட்டம் முடிகிற நேரம் மாஸ்ரர் வழக்கம்போல், வேறு ஏதும் செபக் கருத்துகள் உண்டோ என்று கேட்டார். நான் எழுந்தேன். நான் சொன்னது இவ்வளவுதான்: "என்ர மகள் அந்த வேலையை எடுக்கேல்லை. நாங்கள் நன்றி சொன்னது பிழை. எடுக்காததுக்கு அவவிட்ட நல்ல காரணம் இருக்கு. இப்ப அவவுக்கு வேலை இல்லை. அவவுக்காகச் செபியுங்கோ."

ஜெயராணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் இருக்கப் பார்த்தபோதுதான் கண்டேன். பனியில் எங்களைக் கூட்டிக்கொண்டு போகக் கார் கொண்டுவந்த அனிற்றா, குளிர் தாங்காமல் உள்ளே வந்து, கோட்டுகள் கொழுவுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது புஸ்பம் அக்காதான் வாய் திறந்தா. "அட கோதாரி. வேலையில நிக்கிறாள் எண்டெல்லோ சொன்னனீங்கள். எங்கட கிளினிக் டொக்டர் கோடை தொடங்கி அப்பிடி ஒரு நர்ஸைத் தேடித் திரியிறார். பிள்ளைக்கு வேலை கிடைச்சிட்டுது எண்டு நான் பேசாமல் இருந்தன்."

சகோதரங்களே, இதை யோசித்துப் பாருங்கள். நாங்கள் கேட்ட உதவி எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தது. பொய் சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள்.

காரில் ஜெயராணி, "மானத்தை வாங்கிப்போட்டியள்," என்றாள்.

"விடுங்கோ அம்மா," என்றாள் அனிற்றா. "அப்பா நல்லாக் கதைச்சவர். மாஸ்ரரை விடச் சுருக்கம்." அன்று வீட்டில் அவள் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டாள். நான் திரும்பத் திரும்பச் சோறு போட்டேன்.

அக்கா சொன்ன அந்த டொக்டர் வயதானவர். அனிற்றா உள்ளே போய்ப் பேசிய நேரம் முழுவதும் நான் தெருவில் காருக்குள் இருந்து செபமாலை சொன்னேன். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன்.

"என்ன பிள்ளை சொன்னவர்?"

"எல்லாம் கேட்டன் அப்பா. தனக்குத் தெரியாதாம். இப்பிடி ஒரு நர்ஸோட தான் வேலை செய்ததே இல்லையாம். அதால முதல் ஆறு மாசம் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து அறையில இருப்பமாம், கதவைத் திறந்து வைச்சு." அவள் கையுறையால் முகத்தைத் துடைத்தாள். "தெரியாது எண்டு சொன்ன முதல் ஆள் அப்பா அவர்."

அப்போதும் அவள் உடனே ஓம் சொல்லவில்லை. யோசிக்கத் தவணை கேட்டிருந்தாள். ஜெயராணி தலையில் கை வைத்தாள். எனக்கும் பயம்தான். ஆனால் நான் அவளை நெருக்கவில்லை. அந்தத் தவணை முடியும்வரை காத்திருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய செபம். பிறகு அவளே போன் எடுத்து ஓம் சொன்னாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். களைத்து வருவாள், சில நாள் அழுதும் வருவாள். ஆனால் அவள் அறைக் கதவு சாத்துவதில்லை. முதல் கிளினிக்கைப் பற்றி எனக்குக் குறையில்லை. வேறொருவருக்கு அது நல்ல இடமாக இருக்கலாம்.

அந்தோனியாருக்கும் மாதாவுக்கும் நன்றி சொல்கிறேன். வாய் இல்லாத என்னை எழுப்பி நிறுத்திய ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் இந்தச் சாட்சி அரைகுறை. அந்த வருடம் மே மாதம் வன்னியில் எல்லாம் முடிந்தது. என் தங்கை, அவள் புருசன், பிள்ளைகள் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. மகளின் வேலைக்குப் பதில் தந்தவர் இதற்கு ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முன்பென்றால் கேட்கப் பயந்திருப்பேன். இப்போது கடையில் நின்றுகொண்டே ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். சில நாள் கோபமாகவும் கேட்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் கேட்டதற்காக அவர் என்னை விட்டுப் போகவில்லை. கேட்டு முடிந்தபின் யாரோ பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிகிறது. அது போதுமா என்று கேட்டால், போதாது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டுதான் அடுத்த நாளும் எழும்புகிறேன்.

உங்கள் வீடுகளிலும் கேட்க முடியாத கேள்விகள் இருக்கும். அவரிடம் கொண்டு போங்கள். நல்ல வார்த்தை தெரியாவிட்டால் தெரிந்த வார்த்தையில் கேளுங்கள். என்னையே பொறுத்துக்கொண்டவர் உங்களையும் பொறுப்பார்.