ஏழு வாக்குகளைக் காத்த பயணம்

2006 அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை, காலை 6.40. தூறல். திண்டுக்கல்லில் பேருந்து ஏறி, பதினாறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு சிறிய பேரூராட்சியில் இறங்கினேன். கட்டணம் நாலரை ரூபாய். ஊரின் பெயர் வேண்டாம்; என் அக்காள் மகன் சேவியர் அங்கே தலைவர் பதவிக்கு நிற்கிறான்.

மறுநாள் வாக்கெடுப்பு. பதினைந்து உறுப்பினர்களும் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேவியரையும் சேர்த்து எங்கள் பக்கம் எட்டு, எதிர்ப் பக்கம் ஏழு. ஒருவர் சாய்ந்தாலும் போச்சு. ஆகவே மற்ற ஏழு பேரையும் வேனில் ஏற்றி, அதுவரை ஊருக்கு வெளியே வைத்திருக்க ஏற்பாடு. ஏழு பேரும் என்னிடம் வரலாறு படித்தவர்கள்.

"நீங்க முன் சீட்டுல உக்காந்தாப் போதும் மாமா. ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்" என்றான்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஐரோப்பிய மறுமலர்ச்சியை நடத்தியவன் நான். ஆட்சியைப் பிடித்தவன் அதை எப்படிக் காப்பது, குடிகள் அவனை நேசிக்க வேண்டுமா அஞ்ச வேண்டுமா, அதில் ஆற்றல் எவ்வளவு அதிர்ஷ்டம் எவ்வளவு என்று அக்கால இத்தாலியர் வாதிட்டார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. சேவியர் இரண்டு வழியையும் சேர்த்தே பிடித்தான். ஏழு பேரிடமிருந்து ஒன்பது செல்போன்களை வாங்கி, மஞ்சள் பையில் போட்டு என் மடியில் வைத்தான்.

பகல் 12.10, ஆத்தூர் நீர்த்தேக்கம். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தான். என் வயிற்றுக்கு அது ஆகாது. பொரித்த மீன் வாங்கினேன், 15 ரூபாய். தலைகளை எண்ணினேன்: ஏழு. அவர்கள் அஞ்சுகிறார்களா நேசிக்கிறார்களா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை.

3.30, ஒட்டன்சத்திரம். கேரளத்துக் காய்கறி லாரிகளுக்கு நடுவே வேன் நாற்பது நிமிடம் நின்றது. எண்ணினால் ஆறு. வாழைக்காய் வியாபாரி கருப்பையா முருங்கைக்காய் விலை கேட்கப் போயிருந்தார். சேவியர் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவர் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாலை 6.00, நெய்க்காரப்பட்டியில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா, தூக்கிட்டு வந்தீங்களா?"

சேவியர் சிரிக்கவில்லை. கற்பூரம் ஏற்றி ஏழு பேரிடமும் சத்தியம் வாங்கினான்.

சனிக்கிழமை காலை 10.30. எட்டுப் பேரும் பேரூராட்சி அலுவலகத்துக்குள் போனார்கள். நான் பையோடு வெளியே நின்றேன். 11.20க்கு வந்தார்கள். ஏழுக்கு ஏழு, ஒன்று செல்லாத வாக்கு. சீட்டுக் குலுக்கியதில் எதிராளியின் பெயர் வந்துவிட்டது.

"எவன்டா கழுத்தறுத்தது?" என்று சேவியர் கருப்பையாவின் சட்டையைப் பிடித்தான்.

கருப்பையா என்னைப் பார்த்துச் சொன்னார்: "செல்லாத சீட்ட அதிகாரி எல்லாத்துக்கும் காட்டுனாரு சார். இவரு பேருக்கு நேரா ஒழுங்காத்தான் குறி இருந்துச்சு. ஆனா உச்சியில சின்னதா ஒரு சிலுவை. வேற அடையாளம் இருந்தாச் செல்லாதுன்னுட்டாரு. எங்க ஏழு பேர்ல சிலுவை போட்டு எழுதுறவன் யாரு சார்?"

எந்தத் தாளிலும் முதலில் சிலுவை வரைந்துவிட்டுத்தான் எழுதுவோம். எங்கள் வீட்டுப் பழக்கம். அதிகாரி காட்டியபோது சேவியர் சீட்டைப் பார்க்கவில்லையாம். ஏழு முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

சட்டையை விட்டான். "கை தன்னால போயிருச்சு மாமா" என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை.

இதை அதிர்ஷ்டக் குறைவு என்பதா, ஆற்றல் குறைவு என்பதா? ஏழு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அச்சத்தாலா, அன்பாலா? முப்பத்திரண்டு ஆண்டுகள் விடை திருத்தியவனுக்கு விளங்கவில்லை. செல்போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாருக்கும் டீ சொன்னேன். சேவியரின் டீ மட்டும் ஆறிப்போயிற்று.

பேருந்து போக வர 9, மீன் 15, டீ ஒன்பதுக்கு 27. ஆக மொத்தம் 51 ரூபாய்.