நாலு மூலைக் கல்

பத்து வயதில் நான் அத்தையோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். காரணம், ஓர் உளுந்து அளவே இருந்த வைரம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். அந்த வருடம் காய்க்கு நல்ல விலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து அம்மாவுக்கு ஒரு வைர மோதிரம் செய்துபோட வேண்டுமென்று அப்பாவுக்கு ஆசை வந்தது. அம்மா, நான், எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை என்று எல்லோருமாகத் தேனிக்குப் பஸ் ஏறினோம். கல் வாங்கியதும் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போவதாக ஏற்பாடு. எனக்கு வைரத்தைவிட ராட்டினம்தான் முக்கியம்.

நகைக்கடைக்காரர் ஒரு சதுரக் கல்லை அம்மாவின் இரண்டு விரல்களுக்கிடையே வைத்தார். "பம்பாய்ல இப்ப இதான் பேஷன். இந்தச் சதுர வெட்டுக்குப் 'பிரின்சஸ் கட்'டும்பாக. இந்தப் பக்கத்துலயே நம்மகிட்ட மட்டுந்தான் இருக்கு."

விளக்கு வெளிச்சத்தில் கல் தகதகவென்று எரிந்தது. அம்மா விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, வாசல்ல வச்சுப் பாத்துருவமா?" என்றாள் அத்தை.

வாசல் நிழலில் கல்லின் நடுப்பகுதி கண்ணாடிச் சில்லுபோல வெறுமையாக இருந்தது. மினுக்கமெல்லாம் ஓரத்தில்தான். அத்தை அதைச் செய்தித்தாள் மேல் வைத்து என்னைக் கூப்பிட்டாள். "ஏத்தா, மேலருந்து பாரு. கல்லுக்குள்ள என்ன தெரியுது?"

"'ம' தெரியுது அத்தே!" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் சரியான பதில் சொன்ன பெருமை எனக்கு. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"நல்லா வெட்டுன கல்லுன்னா எழுத்துத் தெரியாதுண்ணே. வெளிச்சம் உள்ள போயித் திரும்பி மேல வரணும். இது அடியில ஒழுகுது." பிறகு லென்ஸை வாங்கி நாலு மூலையையும் பார்த்தாள். "இந்த மூலை லேசாப் பொரிஞ்சிருக்கு. மோதிரத்துல பதிக்கையில ஒடஞ்சு போகும்."

கடைக்காரர் அத்தையின் வெறும் காதைப் பார்த்துச் சொன்னார்: "வைரம் போட்டுப் பழகுனவுகளக் கூட்டிட்டு வாங்க சார், பேசுவம்."

அத்தை லென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பா கல்லை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். "என் தங்கச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அம்மா கல்லைப் பார்க்காமலே வெளியே வந்தாள். யாருக்கும் திருவிழா பார்க்கும் மனது இல்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அத்தைக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன். அவள் தலைவாரக் கூப்பிட்டாலும் போகவில்லை. அவளோ ஒரு மாதத்தில் மூன்று முறை அப்பாவோடு மதுரைக்குப் போய் அலைந்தாள். கடைசியில் வந்த கல் முந்தியதைவிடச் சிறியது. அதையும் தாளில் வைத்து என்னைத்தான் கூப்பிட்டாள். குனிந்து பார்த்தேன். எழுத்தே இல்லை. உள்ளே சின்னச் சின்னதாக வெளிச்சம் உடைந்து உடைந்து ஓடியது.

"மதினி, கைய நீட்டுங்க" என்றாள் அம்மாவிடம். அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு கல்லுக்கு ஏன் இத்தனை அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

"ஒங்களுக்கு ஒண்ணு வாங்கலையா அத்தே?"

"எனக்கு எதுக்குத்தா அதெல்லாம்" என்று சிரித்தாள்.

மூலைகளில் தங்கம் கவ்விய அந்த மோதிரம் இன்று என் விரலில் இருக்கிறது. ஒரு மூலைகூடச் சிதையவில்லை. என் கல்யாணத்தின்போதுதான் அம்மா சொன்னாள். அத்தைக்குச் சீராகப் போட்ட வைரத் தோட்டை அவள் புகுந்த வீட்டார் கழற்றி, உறவுக்காரர்கள் நடுவே இப்படித்தான் தாளில் வைத்துப் பார்த்தார்களாம். மட்டமான கல்லைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லி எட்டே மாதத்தில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதன்பிறகுதான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு அவள் கல் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அந்தப் படிப்பை அவள் எங்களுக்காகத்தான் செலவழித்தாள்.

பத்து வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. அவள் சிரித்ததைப் பார்த்து, அத்தைக்கு வைரம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.