மூன்றாவது டிஸ்க்

ஒருவரைப் பல வருடங்களாகக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிண்டி ஸ்டேஷன் படிக்கட்டில், ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில். நான் பார்த்தபோது அவர் தலையை மழித்திருந்தார். முடி வளர்ந்த பிறகு எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத முகத்தைத் தேடுகிறவனைப் பைத்தியம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. மந்தைவெளியில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சர்வீஸ் இன்ஜினியர். அடுத்தவர்களின் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் ஒரு பேஜர் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். பேஜர் என்பது இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்னப் பெட்டி. யாராவது போன் செய்து நம்பரையும் செய்தியையும் சொன்னால், அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதை அடிப்பார்கள். அது சர்வரில் வரிசையில் நிற்கும், முறை வந்ததும் உரியவருடைய இடுப்பில் போய்க் கூவும். அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை.

சர்வர் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தது. அதில் ஐந்து டிஸ்க்குகள், வரிசையாக. தகவலை ஐந்திலும் பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்று செத்தால் மற்ற நான்கும் சேர்ந்து சமாளிக்கும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். ஆனால் ஒன்று செத்துக் கிடக்கும்போது உயிரோடிருக்கும் இன்னொன்றை உருவிவிட்டால் மொத்தமும் போச்சு.

ஆயுத பூஜை முடிந்து நான்கைந்து நாள் இருக்கும். ஒரு டிஸ்க் போய்விட்டது என்று காலையில் அழைப்பு வந்தது. புது டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சுலபமான வேலை. ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் ஒரு பொட்டு விளக்கு உண்டு. நல்லதற்குப் பச்சை, செத்ததற்கு மஞ்சள். மஞ்சள் எரிவதைப் பிடித்து உருவ வேண்டியதுதான். அலமாரியைத் திறந்தால் ஒரு விளக்கும் தெரியவில்லை. ஐந்து டிஸ்க்குக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் கச்சிதமாக விளக்கின் மேலேயே காய்ந்து ஒட்டியிருந்தது.

"யார் இப்படி வச்சது?" என்றேன் எரிச்சலோடு.

"நான்தான் சார்" என்றாள் ஆபரேட்டர் பெண் ஒருத்தி. சாந்தோமிலிருந்து வருகிறவள், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. "எனக்குத்தான் கை சுத்தமா வரும்னு மேனேஜர் வைக்கச் சொன்னாரு. அழிச்சிடாதீங்க சார். அடுத்த பூஜை வரைக்கும் அப்படியே இருக்கணும்னு சொல்லியிருக்காரு."

அவள் சொல்லாவிட்டாலும் நான் அழித்திருக்க மாட்டேன். பூஜையில் வைத்த பொட்டு தானாகக் காய்ந்து உதிர வேண்டும், கையால் துடைக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். கம்ப்யூட்டர் படித்தால் அது போய்விடுமா என்ன? திரையில் பார்த்தேன். இரண்டாம் எண் டிஸ்க் செத்துவிட்டது என்றது. மெஷின் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதற்கு இரண்டு என்றால் நமக்கு மூன்றாவது. இது எனக்குத் தெரியாததா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் அன்று கீழே தெருவில் தீபாவளிக் கூட்டம், ஹாலில் ஓயாத போன், முதுகுக்குப் பின்னால் மேனேஜர். ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டாவதை உருவிவிட்டேன்.

ஹாலில் கீபோர்டுகளின் சத்தம் ஒரேயடியாக நின்றது. அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. "என்னய்யா பண்ணே?" என்றார் மேனேஜர். அப்போதுதான் கைக்குட்டையை எடுத்து ஐந்து பொட்டையும் அழித்தேன். மூன்றாவதில் மஞ்சள் விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

முந்தைய இரவு டேப்பில் எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு மறுபடி ஏற்றி முடிக்க மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. அன்று காலையிலிருந்து வந்த செய்திகள் எதுவும் அதில் இல்லை. அனுப்பியவை போய்ச் சேர்ந்திருக்கும், தடயம்தான் இல்லை. வரிசையில் நின்றவை போகவேயில்லை. "வெளியில மூச்சு விடாதே. உன் வேலையும் போகும், உங்க கம்பெனி கான்ட்ராக்ட்டும் போகும்" என்றார் மேனேஜர். நான் தலையாட்டினேன்.

அந்தச் சாந்தோம் பெண் சாப்பிடப் போகாமல் நின்றிருந்தாள். "சார், மெஷின் நிக்கிறதுக்கு முன்னாடி நான் அடிச்ச மெசேஜ் 'அம்மா சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' ஒரு பொண்ணு பூத்துலேர்ந்து சொன்னா. அழுதுட்டே சொன்னா. அது போயிருக்காது சார்."

"நம்பர்?"

"எத்தனை நம்பர் அடிக்கிறேன் ஒரு நாளைக்கு. வார்த்தைதான் ஞாபகம் இருக்கு."

செய்தி சொன்னவள் மறுபடி அழைப்பாள் என்று காத்திருந்தோம். ஒவ்வொரு போன் மணிக்கும் சாந்தோம் பெண் என்னைப் பார்த்துவிட்டு எடுத்தாள். அழைப்பு வரவில்லை. ஏன் வரும்? பேஜருக்குச் சொல்லியாயிற்று என்றால் ஆளுக்கே சொல்லியாயிற்று என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினோம்.

ஆறாம் நாள் மெஷினைச் சரிபார்க்கப் போயிருந்தேன். மேனேஜர் மேசைக்கு எதிரே ஒருவர் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். புதிதாக மழித்த தலை. கையில் பேஜர்.

"எங்கம்மா அன்னிக்கு மத்தியானம் தவறிடுச்சு சார். நான் கிண்டி எஸ்டேட்ல லேத்து ஓட்றேன். அங்க போன் கெடியாது, அதுக்குத்தான் இத்த வாங்குனேன். மெசேஜ் குடுத்தேன்னுது என் தங்கச்சி. எனக்கு ஒண்ணும் வர்ல. வேலைய முடிச்சிட்டு பாண்டி பஜார்ல துணி எடுத்துக்கினு இருந்தேன். தங்கச்சிக்கும் எனக்கும் பேச்சு சரியில்ல. ஒரே வூடுதான், ஆளுக்கொரு போர்ஷன். அம்மாவ யாரு பாத்துக்கறதுன்னு சண்ட. வேணும்னே சொல்லாம வுட்டுச்சோன்னு மனசுல ஓடிக்கினே கீது. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். அது குடுத்துச்சா இல்லியா, அத்த மட்டும் பாத்துச் சொல்லுங்க."

மேனேஜர் நம்பரைத் தட்டிப் பார்த்தார். "அன்னைக்கு உங்க நம்பருக்கு எந்த மெசேஜும் பதிவாகலைங்க."

வந்தவர் என் பக்கம் திரும்பினார். என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. "மிஷின்ல எதுனா தப்பு வருமா சார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "இதுல அஞ்சு டிஸ்க் இருக்குங்க. ஒண்ணு போனாலும் தகவல் போகாது."

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனாலும் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. "அப்ப அது குடுக்கவேயில்ல" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பேஜரை மேசையில் வைத்தார். "தேங்க்ஸ் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் கிளம்பும்போது சாந்தோம் பெண் மாடிப்படியில் நிறுத்தினாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். அவருடைய திருவான்மியூர் விலாசம்.

"இப்ப நம்பர் தெரிஞ்சிடுச்சு சார். அந்த மெசேஜை யாராவது கொண்டுபோய்க் குடுக்கணும் இல்ல? எங்க வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான். நீங்க போங்க."

போகிறேன் என்றேன். போகத்தான் நினைத்தேன். தீபாவளிக்கு முன் வேலை நெரித்தது. பிறகு மழை, அடையாறு பக்கம் ரோடெல்லாம் தண்ணீர். பிறகு, துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு சமாதானம். உண்மையில் பயம்தான். இரவில் படுத்தால் ஒரு பெண் பூத்தில் நின்று அழுதபடி நம்பர் சொல்வது கேட்கும். நான் கேட்டிராத குரல் அது. ஒவ்வொரு நம்பராகச் சொல்லிக்கொண்டு வருவாள், கடைசி இலக்கம் வருவதற்குள் விழித்துவிடுவேன். சீட்டு சட்டைப் பையிலிருந்து பர்ஸுக்கும், பர்ஸிலிருந்து டைரிக்கும் மாறியது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் பஸ் ஏறினேன். திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, ஓட்டு வீடு, இரண்டு கதவுகள். ஒன்றில் பூட்டு தொங்கியது. இன்னொன்றிலிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஒரு பெண் வந்தாள், அவருடைய தங்கை.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி எங்களிடம் வந்தது, அனுப்புவதற்குள் மெஷினை நிறுத்தியது நான்தான், அவள்மேல் தவறே இல்லை என்று. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணேன் சார், அண்ணன் நம்பல. கம்பெனிலயே போய் கேட்டுக்கினு வந்துட்டேன்னு சொல்லிச்சு. மிஷின் தப்பு பண்ணாதுன்னு அங்க ஒரு சாரு சொன்னாராம்."

"அந்த சார் நான்தான்" என்றேன்.

அவள் பூட்டியிருந்த கதவைப் பார்த்தாள்.

"கார்த்திகை வரிக்கும் இங்கதான் சார் இருந்துச்சு எங்கண்ணன். அப்புறம் எங்க போச்சுன்னே தெரியல."